சீ என்றால் ஓம்

தம்பி, இதை அப்பா எழுதுகிறேன். தொலைபேசியில் கதைத்தால் நீ இடையில் சிரிப்பாய், நானும் சிரித்துக் கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். எனக்கு அது கைவந்த வேலை என்று உனக்குத் தெரியும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். சனிக்கிழமை வகுப்பில் நீ அழுது அழுது படித்த தமிழ் இதற்குப் போதும் என்று நினைக்கிறேன். விளங்காத சொல் வந்தால் உன் மனைவியிடம் கேள். ஆனால் முதல் தடவை தனியாக இருந்து வாசி.

விடுமுறைக்குப் போகப்போகும் இடம் என்று நீ அனுப்பிய கிரேக்கத்துப் படங்களை அம்மா நாளுக்கு நாலு தரம் எடுத்துப் பார்க்கிறாள். ஒரு சின்னத் துறை, ஏழெட்டு மீன்பிடி வள்ளங்கள், கயிற்றில் துணி காயப்போட்ட மாதிரித் தொங்கும் பேய்க்கணவாய், இரண்டு கடை, ஒரு கோயில். சனமே இல்லாத இடம், சத்தமே இல்லாத இடம், அப்பாவுக்கு நல்ல ஓய்வு என்று எழுதியிருந்தாய். அம்மா பலேர்மோவின் போர்கோ வெக்கியோ சந்தையில் அகன்ற விளிம்புள்ள தொப்பி ஒன்று வாங்கி வந்து, வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிகிறாள். "இஞ்சாருங்கோ, எனக்கு இது வடிவோ?" என்று கேட்கிறாள். சோறு வடிக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை. நான் மட்டும் நீ பயணச்சீட்டு அனுப்பிய நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பல்கனியில் நிற்கும் கறிவேப்பிலைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, என்னுடைய சொஜ்ஜோர்னோ வதிவிட அட்டையைப் பார்த்துவிட்டு விமான நிலையத்தில் மறித்தால் என்ன செய்வது, அந்த ஊரில் செத்தல் மிளகாய் கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி உன்னையும் அம்மாவையும் கரைச்சல்படுத்தினேன். நீ பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாய். என்னைப் பயமுறுத்தியது அவை ஒன்றுமில்லை, தம்பி.

விடுமுறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? முப்பது ஆவணி மாதங்களாக நான் கடற்கரைக்குப் போய் வருகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்தது வேலைக்காரனாகப் போன குசினிப் பக்கத்து விடுமுறை. விடுமுறை என்றால் எனக்கு மணல். கட்டிலில் மணல், குளிக்கும் அறையில் மணல், ஈரத் துவாய்க்குள் மணல். காலையில் ஒரு முறை கூட்டி, வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்தபின் ஒரு முறை கூட்டி, பின்னேரம் விருந்தாளிகள் வரும் முன் இன்னொரு முறை கூட்டுவேன். நீ பிடித்திருக்கும் வீட்டுப் படத்தைப் பார்த்தவுடன் நான் முதலில் தேடியது தும்புத்தடி எங்கே வைத்திருப்பார்கள் என்றுதான். அம்மா பக்கத்தில் இருந்து, "உங்களுக்கு விசர்" என்றாள்.

இந்த முறை ஆவணிக்கு வரமாட்டேன் என்று வேலை வீட்டுச் சின்யோராவுக்குச் சொன்ன கதையை உனக்கு இன்னும் சொல்லவில்லை. அவ வழக்கம்போல, "இருபதாம் திகதி வரைக்கும் கடற்கரை வீட்டில் நிற்போம், சரிதானே?" என்று கேட்டா. நான் அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். "நோ, சின்யோரா" என்றேன். தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துத் திருப்பிக் கேட்டா. திருப்பியும் "நோ" என்றேன். காதுக் கருவியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தரமும் கேட்டா. பாவம், கருவியில் ஒரு குறையும் இல்லை. என்னிடமிருந்து அந்தச் சொல்லை அவ ஒருநாளும் கேட்டதில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு நடந்து வரும்போது துறைமுகத்தில் நாப்போலிக் கப்பல் நின்றது. அதைப் பார்த்தபடி சுவரோரம் கொஞ்சநேரம் நின்றேன். இந்த வயதில் ஒரு சின்னச் சொல்லுக்கு இவ்வளவு பயமா என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சொல்லை இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தி ஒரேயொரு தரம் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை வந்திராது.

அடுத்த நாள் உன் மகளின் குரல் வந்தது. நீ பக்கத்தில் இல்லாதபோது உன் தொலைபேசியை எடுத்து அனுப்பியிருக்கிறாள் போல. "அப்பப்பா, நான் ஆரணி. நான் கடலுக்கை, மாரேக்கை இறங்க முதல் கேட்டிட்டுத்தான் இறங்குவன். அப்பா சின்னனிலை கேக்காமல் ஓடினவராம், தண்ணி குடிச்சவராம், நீங்கள் அடிச்சனீங்களாம். அப்பா காத்தீவோ! நான் காத்தீவா இல்லை, என்ன அப்பப்பா?" அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், இன்னொரு தரம் போடச் சொன்னாள். நான் போடவில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் வாயில் தன் தகப்பன் கெட்ட பிள்ளை என்ற சொல் வந்துவிட்டது. அதைப் போட்டவன் நான். நீ அந்தக் கதையை விருந்துகளில் எல்லோரையும் சிரிக்க வைக்கச் சொல்லும்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். உன்னோடு அந்தக் கதை முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. இப்போது அது அவளுக்குப் பாடமாகிவிட்டது.

அந்தக் கதை பொய், தம்பி. நடந்ததை எழுதுகிறேன்.

அப்போது நீயும் அம்மாவும் இங்கே வந்து ஒரு வருடம். உனக்கு ஏழு வயது. அம்மா கால்சாப் பகுதியில் படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைப் பராமரிக்கப் போய்விட்டாள், பள்ளிக்கூடமும் லீவு, உன்னை விட இடமில்லை. சின்யோராவிடம் கெஞ்சி, பிள்ளையால் ஒரு கரைச்சலும் வராது என்று வாக்குக் கொடுத்து, உன்னையும் கடற்கரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நான்கு நாளும் நீ குசினியில் என் காலடியில் இருந்து வெங்காயத் தோலைக் கிழித்துக்கொண்டிருந்தாய். ஐந்தாம் நாள் சின்யோராவின் பிள்ளைகள் இரண்டு பேரும் காலால் மிதித்து ஓட்டும் சின்னப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். உன்னையும் வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். சின்யோரா குசினி வாசலில் வந்து நின்று, "பிள்ளைக்கு நீந்தத் தெரியுமோ?" என்று என்னைக் கேட்டா. நான் சாளை மீனின் குடலை எடுத்துக்கொண்டிருந்தேன். "சீ, சீ" என்றேன்.

இந்த 'சீ'யைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். நான் பலேர்மோவுக்கு வந்த முதல் வாரம், எனக்கு வேலை எடுத்துத் தந்த மன்னார்க்கார அண்ணர் ஒருவர் சொல்லித் தந்த முதலாவது இத்தாலியச் சொல் அதுதான். "எங்கடை ஊரிலை சீ எண்டால் ஏச்சு. இஞ்சை சீ எண்டால் ஓம். அவையள் என்ன கேட்டாலும் முதல் சீ சொல்லு. பிறகு என்ன கேட்டவையெண்டு ஆறுதலா யோசி. இல்லை எண்டு சொன்ன ஆளுக்கு அடுத்த கிழமை வேலை இராது." நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். நானா, எங்கள் ஆட்கள் எல்லோரும்தான். சமைக்கத் தெரியுமா, சீ. பியானோவைத் துடைக்கத் தெரியுமா, சீ. நாய்க்குப் பயமில்லையா, சீ. இப்படித்தான் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போனோம், போனபின் இரகசியமாகப் பழகிக்கொண்டோம். அது எங்களுக்குச் சோறு போட்ட சொல், அதை நான் பழிக்க வரவில்லை.

அவ அந்தப் பக்கம் போனதும் நீ ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாய். குசினி ஜன்னல் நேரே மணலைப் பார்த்திருக்கும், உன் தலை மட்டும் எனக்குத் தெரிந்தது. "அப்பா, போகட்டோ?" என்று கேட்டாய். நான் மீனை விட்டுக் கையை எடுக்கவில்லை, உன்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. எங்கள் வழக்கப்படி ஓம் என்று தலையை ஆட்டினேன். நீ இன்னொரு தரம், "உண்மையாப் போகட்டோ?" என்றாய். "போவன்" என்றேன். நீ ஓடினாய்.

மற்றது உனக்கு நினைவிருக்கும், இல்லாவிட்டால் நினைவிருக்கிறது என்று நினைக்கிறாய். மற்றப் பிள்ளைகள் படகிலிருந்து குதித்தார்கள், நீயும் குதித்தாய். கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு வயதான மீன்காரர் உடுப்போடு இறங்கி, உன்னைத் தலைமயிரில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். நான் ஓடி வரும்போது நீ மணலில் கிடந்து தண்ணீராகச் சத்தி எடுத்தாய். சின்யோரா கத்தினா. "நீந்தத் தெரியும் என்று நீதானே சொன்னாய்! நீங்கள் எல்லாத்துக்கும் சீ, சீ!" சுற்றிவரச் சனம். எனக்கு உன்னைத் தூக்க வேண்டும் என்று தோன்றவில்லை. நாளைக்கு வேலை இருக்குமா என்றுதான் தோன்றியது. எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியத்தில், "கேட்டது எனக்குப் பிழையா விளங்கிவிட்டது, சின்யோரா. இவன் என்னைக் கேட்காமல் ஓடினவன்" என்றேன். பொய்க்குச் சாட்சி வேண்டுமே, உன்னை எழுப்பிக் கன்னத்தில் அடித்தேன். என் கையெல்லாம் மீன் செதிள், அது உன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. நீ அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் கேட்டனான் அப்பா" என்றாய். அதற்கும் அடித்தேன். அந்த மீன்காரர் அப்போதுதான் தலையைத் துடைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து நாடியை மேலே தூக்கி, நாக்கால் ஒரு 'ச்' போட்டார். இந்த ஊரில் அதற்கு அர்த்தம் உனக்குத் தெரியும். கூடாது, வேண்டாம், இல்லை. நான் சொல்லாத சொல்லை அந்த மனுஷன் சொன்னார்.

நீ அதன்பிறகு "நான் கேட்டனான்" என்று ஒருநாளும் சொல்லவில்லை. எனக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. சில மாதம் போக, அம்மாவிடம் நீயே சொன்னாய், "நான் கேக்காமல் போனனான் அம்மா, அதுதான் அப்பா அடிச்சவர்" என்று. நான் கதவுக்குப் பின்னால் சட்டை மாற்றிக்கொண்டு நின்று கேட்டேன். உன் நினைவையே என் பொய் மாற்றிவிட்டது. அந்த இடத்தில் வெளியே வந்து சொல்லியிருக்கவேண்டும். பொத்தானைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போது, எனக்கு அப்போது பாஷை தெரியாது, அவ கேட்டது விளங்காமல் சீ சொல்லிவிட்டேன் என்று எழுதத்தான் இருந்தேன். அப்படி எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். அந்தச் சொல் எனக்கு நன்றாக விளங்கியது. நீந்துவது என்ற சொல்லை அதற்கு முந்திய ஆவணிகளிலிருந்தே அந்த வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தேன். இல்லை என்று சொன்னால் யாராவது உன்னைப் பார்த்துக்கொள்ளவேண்டும், கரைச்சல் வராது என்ற என் வாக்குப் பொய்யாகிவிடும். அதுமட்டும் என்றால் நானே என்னை மன்னித்திருப்பேன். அவர்களுடைய பிள்ளைகள் வந்து என் பிள்ளையைக் கூப்பிட்டார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது, தம்பி. குசினியில் வெங்காயத் தோலோடு இருந்தவன் அவர்களோடு படகில் போகப்போகிறான் என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், புளுகமாக இருந்தது. அந்தப் புளுகத்தில்தான் உன்னை அனுப்பினேன். இதை எழுதவே கூசுகிறது.

பிறகு அந்தப் பொய்யை நான் சும்மாவும் வைத்திருக்கவில்லை. பதினேழு வயதில் கூட்டாளிமாரோடு சார்தேஞ்ஞாத் தீவுக்குக் கப்பலில் போகக் கேட்டாய். "கடலுக்கை கேக்காமல் ஓடின ஆளை எப்பிடி நம்பி விடுறது?" என்றேன். நீ பையை அவிழ்த்து உடுப்பைத் திரும்ப அலுமாரிக்குள் அடுக்கினாய். அன்றிலிருந்து நீ எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்கிறாய். மிலானோவில் குடும்பமாக இருக்கும் முப்பத்தைந்து வயது மனுஷன், சலவை மெஷின் மாற்றுவதற்கும் தொலைபேசி எடுத்து, "அப்பா, வாங்கட்டோ?" என்கிறாய். சனம் என்னிடம், பிள்ளை எவ்வளவு மரியாதையாக வளர்ந்திருக்கிறான் என்று சொல்லும்போது நான் கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். ஆரணியை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், நீ தண்ணீரில் இறங்காமல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சப்பாத்தோடு இருந்து பார்க்கிறாயே, அந்தப் படத்தை அம்மா சட்டம் போட்டு வைத்திருக்கிறாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. இந்தப் பயணத்துக்கும் நீ வீடியோவில், "அப்பா, எல்லாருக்கும் பதியட்டோ?" என்று கேட்டபோது, பயத்தில் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் தலையை ஆட்டினேன். நீ அதை ஓம் என்று எடுத்துப் பதிந்துவிட்டாய். பார், இத்தனை வருடம் போயும் எனக்குப் புத்தி வரவில்லை.

நேற்றுக் காலை அம்மாவுக்குச் சொன்னேன். தொப்பியோடு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள். கேட்டு முடிந்ததும் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். என்னை ஏசுவாள் என்று பார்த்திருந்தேன். ஏசவில்லை. "நானும் எத்தினை தரம் அவனைச் சொல்வழி கேளாதவன் எண்டு பேசிப்போட்டன்" என்றாள். பிறகு, "பிள்ளைக்கு எழுதுங்கோ. எழுதி அவன் மறுமொழி சொல்லாமல் நான் அந்தக் கப்பலோ பிளேனோ ஒண்டிலையும் ஏறமாட்டன்" என்றாள். தொப்பி இன்னும் மேசையில்தான் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் சாப்பிடுகிறோம்.

உனக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை, அந்தத் தகுதி இந்த விஷயத்தில் எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனம் ஆறாது. அந்தக் கரையில் நின்று உன் மகள் "போகட்டோ?" என்று கேட்பாள். கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார். ஓம் என்றால் எழும்பிப் போய்த் தண்ணீரோரம் நில். இல்லை என்றால் இல்லை என்று வாயால் சொல்லு, அவள் அழுதால் அழட்டும். பிள்ளை கேட்டுவிட்டால் பிறகு நடப்பதெல்லாம் எங்கள் கணக்கில்தான். அடுத்தவருக்கு முன்னால் அதை அவள் தலையில் கட்டாதே.

அந்த ஊர்ப் பாஷையைத் தொலைபேசியில் பார்த்துப் பழகினேன். அங்கே 'நே' என்றால் ஓமாம், 'ஓஹி' என்றால் இல்லையாம். ஓ என்று தொடங்கும் சொல் எனக்கு எப்படி இல்லையாகும்? அங்கேயும் மீன்காரர்கள் நாடியைத் தூக்கி நாக்கால் 'ச்' போடுவார்களாம், அதையும் பார்த்தேன். துறையில் வலையோடு ஒரு வயதான மனுஷன் இருந்து என்னைப் பார்த்து அதைச் செய்தால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம், இதை வாசித்தபின் நீ என்னைப் பார்க்கப்போகும் பார்வை. அதற்குத்தான் சாப்பாடு இறங்காமல் இருந்தது.

ஆரணிக்கு நீயே சொல்லு. அப்பா காத்தீவோ இல்லை, அப்பா கேட்டவர், இரண்டு தரம் கேட்டவர் என்று சொல்லு. நீ சொல்லக் கூச்சப்பட்டால் நான் சொல்லுவேன். அன்றைக்கு மணலில் நின்று நீ சொன்னதற்கு நான் அடியைத்தான் மறுமொழியாகத் தந்தேன். சரியான மறுமொழி இதுதான்: ஓம் தம்பி, நீ கேட்டனீ. போ எண்டு சொன்னது நான்.

எங்கள் உடுப்புப் பெட்டி பாதி அடுக்கியபடி கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. நீ வேண்டாம் என்று சொன்னால் அவிழ்த்து அலுமாரியில் வைப்பேன், ஒரு சொல் கேட்கமாட்டேன். நல்ல பிள்ளை என்று பெயர் எடுப்பதற்காக ஓம் சொல்லாதே. வீடியோவில் தலையை ஆட்டாதே, எனக்கு அது விளங்காது. இந்தமுறை கேட்பவன் நான்.

தம்பி, அப்பா வரட்டோ?